சுத்திப்போட்ட கடுகு

"காலை ஆட்டாதடி. மூஞ்சியப் பாரு, பேயறைஞ்ச மாதிரி இருக்குது. ஊரு கண்ணு மொத்தமும் உம்மேலதான்" என்றாள் அம்மா.

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. அதிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக முடியவில்லை. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அன்று பௌர்ணமி, வாசலில் ஜனம் போய்க்கொண்டே இருந்தது. விளக்கு வைத்ததும் அம்மா என்னைக் கிழக்கே பார்த்து உட்காரவைத்து, உப்பு, காய்ந்த மிளகாய், கடுகு மூன்றையும் கைக்குள் மூடித் தலையை மூன்று முறை சுற்றினாள். துப்பச் சொன்னாள், துப்பினேன். எரிகிற தேங்காய்த் தொட்டியில் அதைக் கொட்டினாள். கடுகு படபடவென்று வெடித்தது.

என் நினைப்பெல்லாம் சென்னையில், நான் வேலை செய்யும் ஆய்வகத்தில் இருந்தது. மூன்று வருஷமாகக் கடுகோடு மல்லுக்கட்டுகிறேன். மூளைக்கும் கண்ணுக்கும் நல்லது என்று மீன் எண்ணெய் மாத்திரை விற்கிறார்களே, அதில் இருக்கும் நீளச் சங்கிலிக் கொழுப்பு அமிலம் பெரும்பாலும் கடல் பாசி செய்வது. மீனுக்கு அது தின்று வந்த சொத்து. பாசியின் மரபணுக்களைக் கடுகுக்குள் வைத்தால் கடுகெண்ணெயிலேயே அது ஊறும். சொல்வதற்கு ஒரு வரி, அவ்வளவுதான். செய்யும்போது சங்கிலி ஒவ்வொரு தடவையும் பாதியில் நின்று என் உயிரை வாங்கியது. கடைசியில் ஒரே ஒரு செடி பிழைத்து ஒரு ஸ்பூன் விதை கொடுத்தது. திங்கட்கிழமை அதில் கொஞ்சத்தை நசுக்கி எண்ணெயைப் பரிசோதிப்பது, மீதியை விதைப்பது என்று ஏற்பாடு. இந்தத் தடவையும் இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியையே மூட்டை கட்டிவிடலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார்.

அம்மா திடீரென்று மூக்கைச் சுளித்தாள். "என்னடி இது, மீன் வறுக்கற நாத்தம் வருது? பௌர்ணமியும் அதுவுமா!"

நான் பதில் சொல்வதற்குள் மதில் பக்கம் போய்ப் பக்கத்து வீட்டம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, இன்னிக்குப் போயி மீன் வறுக்கறீங்களே, நல்லாவா இருக்குது?"

"ஐயய்ய, காலையிலேர்ந்து எங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்கலீங்க" என்று பதில் வந்தது.

அப்போதுதான் எனக்கும் அடித்தது. மிளகாய் நெடிக்கு அடியில், மீன் எண்ணெய். என் கால் ஆட்டம் நின்றுவிட்டது.

"அம்மா, எந்தக் கடுகு போட்ட?"

"டப்பால கம்மியா இருந்துச்சு. உன் வெள்ளைக் கோட்டைத் துவைக்க எடுத்தேனா, பாக்கெட்ல ஒரு பொட்டலம் இருந்துச்சு. அதையும் சேத்துக்கினேன். ஏன்?"

மரபணு மாற்றிய அந்த விதை ஆய்வகக் கதவைத் தாண்டவே கூடாது. சனிக்கிழமை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், பொட்டலத்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கோட்டைச் சுருட்டிப் பையில் திணித்தவள் நான். ஆனால் கத்தியது அம்மாவைப் பார்த்து. "மூணு வருஷத்தை நெருப்புல போட்டுட்டியேம்மா!"

அம்மா பொட்டலத் தாளை உதறிப் பார்த்தாள், காலி. "கையை மூடும்போது கொஞ்சம் சிந்துச்சு" என்று சொல்லிவிட்டு மண்டி போட்டாள். நானும் செல்போன் வெளிச்சத்தோடு தரையில் தவழ்ந்தேன். ஒரு விதை வெளியே போய் முளைத்தாலும் தப்பு, ஒன்றாவது கிடைக்காவிட்டால் என் கதை முடிந்தது. அம்மா விரல் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். பதின்மூன்று கடுகு தேறியது. எது என்னுடையது, எது டப்பாவுடையது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. தப்பு என்னுதுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

திங்கட்கிழமை பேராசிரியையிடம் ஒன்று விடாமல் சொன்னேன். "அது என்ன கைக்குட்டையா, பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போக?" என்று ஆரம்பித்து அரைமணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு இருட்டறைக்குக் கூட்டிப்போனார். எங்கள் விதையில் ஓர் அடையாளம் வைத்திருந்தோம், பச்சை விளக்கில் பார்த்தால் சிவப்பாக ஒளிரும். பதின்மூன்றையும் பரப்பினேன். பன்னிரண்டு கறுப்பாகவே கிடந்தன. ஒன்று சிவந்தது.

"ஒண்ணுதான்" என்றார் அவர். "நசுக்கினா எண்ணெயில இருக்கா இல்லையான்னு தெரியும், செடி போயிடும். விதைச்சா செடி வரும், உள்ள ஒண்ணும் இல்லைன்னா மாசக்கணக்குல தண்டம். என்ன செய்யப்போறே?"

"விதைக்கிறேன் மேடம்."

"எதை நம்பி?"

என் மூக்கை நான் நம்பமாட்டேன், அது மூன்று வருஷமாக அந்த வாசனைக்கு ஏங்கிக் கிடந்த மூக்கு. ஆனால் அம்மாவுக்கு அந்தப் பொட்டலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தெரியாமல்தான் பக்கத்து வீட்டோடு சண்டைக்குப் போனாள்.

"எங்கம்மா மூக்கை நம்பி" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மண் நிரப்பிய சின்னச் செடித் தொட்டி ஒன்றை என் பக்கம் நகர்த்தினார்.

நாலு நாள் அந்தத் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு, அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். தப்பு என்னுதுதான் என்றும், அன்றைக்கு வந்த மீன் வாசனை அந்த விதையிலிருந்துதான் என்றும் அழுதுகொண்டே சொன்னேன். அவள் முழுதும் கேட்டுக்கொண்டாள்.

"மீன் நாத்தம் வந்துச்சா?"

"இப்பத்தாம்மா ரெண்டு இலை விட்டிருக்குது."

"வரும் வரும்" என்றாள். "ஆனா அந்தக் கோட்டை மட்டும் இனிமே நீயே துவைச்சுக்கோ."