அப்பா தாலி கட்டிய வாழை

உச்சி வெயிலில், காற்று என்று பேருக்குக்கூட இல்லாத நேரத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு வாழையின் இலை மட்டும் சரசரக்கும். கஞ்சி போட்ட புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு யாரோ கிணற்றடிக்கு நடந்து போகிற மாதிரி இருக்கும். பக்கத்தில் நின்ற பூவன் வாழையும் மொந்தன் வாழையும் அசையவே அசையாது. தொண்ணூறை நெருங்கிவிட்ட எனக்கு இன்று பாதிக் காதுதான் கேட்கிறது, ஆனாலும் சமையல் முடிந்து வீடு ஓய்கிற நேரத்தில் அந்தச் சத்தம் மட்டும் பிசகில்லாமல் கேட்கிறது.

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோபுரம் தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காது, பஸ் கரியில் ஓடும். அப்பாவின் முதல் மனைவி கல்யாணமான வருஷமே காய்ச்சலில் போய்விட்டாராம். இரண்டாவதாக வந்தவர் என் அம்மா. எனக்கு எட்டு வயதிருக்கும்போது அவரும் போய்ச் சேர்ந்தார். மூன்றாம் தாரமாக வருகிறவள் நிலைக்கமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அதனால் மூன்றாவதாக ஒரு வாழைக்குத் தாலி கட்டி, அதை வெட்டிச் சாய்த்து, சாவு வீட்டுக்காரர் போலத் தலை முழுகிவிட்டு, நாலாவதாகத்தான் பெண்ணைக் கட்டுவார்கள். எமனுக்குக் கணக்குப் போடத் தெரியாது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு.

கொல்லை நிறைய வாழை இருந்தும் அவற்றில் ஒன்றுக்குத் தாலி கட்ட முடியாது. வீட்டில் வளர்ந்த வாழை வீட்டுப் பெண்ணுக்குச் சமம், வெளியிலிருந்துதான் ‘பெண்’ எடுக்க வேண்டும் என்றார்கள். என் அம்மாவின் தம்பி, என் மாமா, விடியும் முன்பே போய் எங்கிருந்தோ ஆளுயரக் கன்று ஒன்றைக் கிழங்கோடு பெயர்த்துத் தோளில் சுமந்து வந்து, சமையல்கட்டுச் சாக்கடை ஓரத்தில் நட்டார். அப்பா மஞ்சள் கயிற்றைக் கட்டினார், அரிவாளால் ஒரே வெட்டாக வெட்டினார், கிணற்றடியில் தலை முழுகினார். கிழங்கைத் தோண்டி ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது முறை. முகூர்த்தத்துக்கு வண்டி கட்டுகிற அவசரத்தில், மாமா தோண்டியிருப்பார் என்று அப்பாவும், அப்பா தோண்டியிருப்பார் என்று மாமாவும் இருந்துவிட்டார்கள்.

சின்னம்மா செட்டிகுளத்துப் பக்கத்திலிருந்து வந்தார். வந்த முதல் நாளே என் தலையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, அம்மா போன பிறகு சிக்குப் பிடித்துக் கிடந்த முடியைப் பொறுமையாக எடுத்துப் பின்னிவிட்டார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து ஒரு ரஸ்தாளிக் கன்று கொண்டுவந்து, வேறு ஈரமான இடம் கிடைக்காமல், அதே சாக்கடை ஓரத்தில் ஊன்றினார். சில நாளில் அது வாடி, தலை தொங்கி, மண்ணோடு மண்ணாகப் போனது.

ஆடி மாதம் அந்த இடத்தில் ஒரு முளை எட்டிப் பார்த்தது.

தன் ரஸ்தாளி பிழைத்துக்கொண்டது என்று சின்னம்மா சந்தோஷப்பட்டார். தெருப் பெண்கள் பார்க்க வந்தார்கள், பார்த்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வெட்டுப்பட்ட கிழங்கு அங்கேதான் கிடக்கிறது என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ரஸ்தாளி என்றால் மட்டையின் ஓரம் சிவந்திருக்கும். பூவனுக்கு இலையின் நடு நரம்பு அடிப்பக்கம் சிவந்து ஓடும். மொந்தன் முழுக்க வெளுத்த பச்சை. இதற்கு மட்டை ஓரமும் சிவப்பு, நரம்பும் சிவப்பு, தண்டு முழுக்கக் கருந்தேமல். ஆளுக்கொரு பேர் சொன்னார்கள், எதுவும் பொருந்தவில்லை. கொல்லைக்குள் புகுந்தால் எதையும் விட்டுவைக்காத எங்கள் ஆடு அதன் பக்கம் மட்டும் போகாது. யாரும் தண்ணீர் விடாமலே மற்ற வாழைகளைவிட வேகமாக வளர்ந்தது.

அப்பா மண்வெட்டியை எடுத்த வாரத்தில்தான் சின்னம்மா முழுகாமல் இருப்பது தெரிந்தது. மனைவி மாசமாக இருக்கும்போது புருஷன் தார் போடாத வாழையை வெட்டக் கூடாது, வேறு ஆள் வைத்தும் வெட்டக் கூடாது. மண்வெட்டி மூலைக்குப் போனது. அது மட்டும் தாலி கட்டிய வாழையாக இருந்துவிட்டால், மூன்றாவது மனைவி சாகவில்லை என்று அர்த்தம். அது தார் போடுகிற நாளில் சின்னம்மாவுக்குக் கண்டம் என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். மத்தியானங்களில் நான் அதன் முன்னால் போய் நின்று, நீ ரஸ்தாளியாக இரு, ரஸ்தாளியாக இரு என்று முணுமுணுப்பேன். அந்த நேரம் பார்த்து இலை சரசரக்கும், நான் உள்ளே ஓடி வந்துவிடுவேன்.

வளைகாப்பு முடிந்து சின்னம்மா பிறந்த வீட்டுக்குப் போனார். மறு வருஷம் ஆவணியில் ஒரு காலை, வாழையின் உச்சியிலிருந்து கருஞ்சிவப்பாகப் பூ வெளியே வந்து, சமையல்கட்டு வாசலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அன்று மத்தியானமே செட்டிகுளத்திலிருந்து கரி பஸ்ஸில் ஆள் வந்தது. ஆளைத் தூரத்தில் பார்த்ததுமே அப்பா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஆண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று வந்தவர் சொன்ன பிறகுதான் எழுந்து அவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

ஆனால் அந்த வாழை இன்னதென்று தெரியாமல் பெண்ணையும் பிள்ளையையும் அனுப்பமாட்டோம் என்று அங்கிருந்து சேதி வந்தது. காய் முற்றியதும் அப்பா மாமாவை வரவழைத்தார். குட்டை குட்டையாக, பட்டை பட்டையாக, நுனி கறுத்த காய்கள். மாமா தாரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இது நான் கொண்டாந்ததுதான் மச்சான். அவசரத்துக்கு வேற எங்கயும் கெடைக்கல. அக்காவ எரிச்ச எடத்துக்குப் பக்கத்துல, ஓடக்கரைல நின்னுது.”

அப்பா தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அதே சமயம், வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஓடிப்போய் அந்த வாழையைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஓடைக்கரைச் சேதி எங்கள் மூன்று பேரோடு நிற்கட்டும் என்று அப்பா சொன்னார், நின்றது.

கார்த்திகையில், யாரும் அழைக்காமல், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சின்னம்மா வந்து இறங்கினார். என் வீட்டு ரஸ்தாளியை நான் தின்று பார்த்துச் சொல்கிறேன் என்று அடம்பிடித்து வந்தாராம். அவருடைய அப்பாவும் கூடவே வந்திருந்தார். சின்னம்மா பழுத்திருந்த தாரிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து, ஊரே பார்க்க உரித்து வாயில் போட்டு, மெல்ல மென்றார். ஒரு கையால் வாயைத் துடைத்து, அந்தக் கையை மூடிக்கொண்டார்.

“எங்க வூட்டு ரஸ்தாளிதாங்க. மண்ணு மாறினதுல காய் கொஞ்சம் குட்டையாயிடுச்சு, வேற ஒன்னுமில்ல.”

அவருடைய அப்பா ரஸ்தாளி பயிரிட்டே பிழைத்தவர். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, மகள் சொன்னால் சரி என்றார். கூட்டம் கலைந்தது.

எல்லாரும் போன பிறகு சின்னம்மா என்னைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். மூடியிருந்த கையைத் திறந்தார்; மிளகு பருமனில் கறுப்பு விதைகள். ரஸ்தாளியில் விதை ஏது? அவற்றைச் சாக்கடை ஓரத்து மண்ணில் போட்டுக் காலால் மூடிவிட்டு, வாழையைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

“அக்கா, ஒம் புள்ளயும் எம் புள்ளயும் ஒரே வூட்டுல வளரட்டும். என்னை இருக்கவிடு.”

ஓடைக்கரைச் சேதியை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் அந்த மரத்தை அப்பா கிழங்கோடு எடுத்தார். எடுக்கும் வரை அது பக்கக் கன்று ஒன்றுகூட விடவில்லை, புதைத்த விதைகளும் முளைக்கவில்லை. சின்னம்மா நெடுங்காலம் இருந்தார், எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், என் பிரசவங்களுக்குக் கண் விழித்தார். வருஷாவருஷம் பொங்கலுக்கு, வீட்டில் இறந்துபோன பெண்களுக்குப் படைக்கும்போது, முதல் மனைவிக்கு ஓர் இலை, என் அம்மாவுக்கு ஓர் இலை, அதற்கப்புறம் பேர் சொல்லாமல் இன்னோர் இலை போடுவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஓடைக்கரை இப்போது இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டி அந்த இடமே பெரிய பள்ளமாகிவிட்டது. வீட்டுக் கொல்லையில் சிமெண்ட் தளம் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். போன பொங்கலுக்குத் தம்பியின் பேரன் மனைவி, நல்ல பெண், கடையில் வாங்கிய காகித இலைகளை விரித்து, முதல் பாட்டி, உங்க அம்மா, சின்னப் பாட்டி, மூணு போதுங்களா என்று கேட்டாள். இன்னொன்று போடும்மா என்றேன். அவளும் மறுக்காமல் விரித்துவிட்டு, இது யாருக்குங்க பாட்டி, பேர் சொல்லிக் கும்பிடணுமே என்றாள்.

மூன்றாவதாக அப்பா தாலி கட்டியவளுக்கு என்று சொல்ல வாய் திறந்தேன். அது என்ன வாழை என்று எங்களில் ஒருவரும் கடைசி வரை கண்டுபிடிக்கவில்லை.