நூற்றுப் பத்துக்குள் பருந்தக்கா

பருந்தக்கா என்று சொன்னால்தான் அந்தக் கட்டட வேலைத்தளத்தில் ஆளுக்குத் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறது. பதினைந்து வருடமாக டவர் கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கம்பிக் கட்டுகளையும் கான்கிரீட் வாளியையும் தூக்கித் தூக்கி இறக்கியவள். கீழே நிற்கிறவர்களுக்கு அவள் முகம் தெரியாது. அவளுக்கோ எல்லாரும் தெரிவார்கள், சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் சாய்ந்து குறட்டை விடுகிறவர் உட்பட. பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

அப்படிப்பட்டவளைக் கீழே இறக்கியது ஒரு கயிறு. கிரேன் ஏணியில் ஏறுகிறவர்கள் இடுப்பிலும் தோளிலும் பெல்ட் போட்டு, அதை ஒரு பாதுகாப்புக் கயிற்றில் மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும். கை நழுவினால் அந்தக் கயிறு பிடித்துக்கொள்ளும். ஆனால் ஆளும் சாமானும் சேர்ந்து நூற்றுப் பத்து கிலோவுக்கு மேல் போனால் பிடிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரியம்மா எல்லாரையும் பூட்ஸோடும் பையோடும் தராசில் ஏற்றினார். பருந்தக்காவின் முறை வந்தபோது தராசு நூற்று முப்பத்திரண்டு என்றது. அன்றைக்கே தாடிக்காரர் என்று ஒருத்தர் வேறு வேலைத்தளத்திலிருந்து வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். இவள் கையில் ஒரு வாக்கி-டாக்கி ரேடியோவைக் கொடுத்து, கீழே நின்று அவருக்கு வழி சொல்லச் சொன்னார்கள்.

ராணியாக உட்கார்ந்திருந்தவளை வாசலில் நிற்கவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அவள் கேட்டது அழகோ ஆயுளோ இல்லை. அந்தக் கூண்டைத்தான் திரும்பக் கேட்டாள்.

பட்டினி கிடந்து பார்த்தாயிற்று, பவுடரைக் கரைத்துக் குடித்துப் பார்த்தாயிற்று. கடைசியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷனுக்குத் துணிந்தாள். தைரியத்துக்குத் துணையாக நாத்தனாரும் சேர்ந்துகொண்டாள், அதாவது புருஷனின் தங்கை, துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தே பருத்தவள். ஒரே ஆஸ்பத்திரி, ஒரே டாக்டர், ஒரே வாரம். பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, யார் முதலில் இளைப்பது என்று சிரித்துப் பந்தயம் வேறு கட்டினார்கள்.

பந்தயம் கட்டியதுதான் வினையாகப் போயிற்று. நாத்தனார் வெயிலில் வைத்த வெண்ணெய் மாதிரி உருகினாள். மூன்றாம் மாதமே கன்னம் ஒட்டி, கழுத்து தெரிந்து, பழைய துணியையெல்லாம் மூட்டை கட்டிவிட்டாள். அந்த மூட்டையை எங்கே கொண்டுவந்து கொடுத்தாள் தெரியுமா? அண்ணியிடம். “வீணாப் போறதுக்கு நீங்களாவது போட்டுக்கலாமே அண்ணி” என்றாள். கெட்ட எண்ணமில்லை, வாய்தான் கொஞ்சம் நீளம். பருந்தக்கா அந்த மூட்டையை அலமாரிக்கு அடியில், காலால்தான் தள்ளினாள்.

இவளுக்கோ எடை ஆமையாக இறங்கியது. முதல் மாதம் கொஞ்சம், அடுத்த மாதம் அதைவிடக் கொஞ்சம், அப்புறம் ஒரு மாதம் ஒன்றுமேயில்லை. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். வயிற்றையே வெட்டிக்கொண்டும் இப்படியா, டாக்டர் மறந்துபோய் வெட்டியதையும் சேர்த்துத் தைத்துவிட்டாரா என்று ஒருத்தர் கேட்டு, தானே சிரித்தும் கொண்டார். புருஷன் செருப்புக் கடையில் விற்பனையாளர். பகல் பூராவும் ஊரான் பாதத்தைப் பார்க்கிறவர், ஒருநாள் இவள் பாதத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு நம்பர் குறைந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். பாதத்தை மட்டும் கிரேனுக்கு அனுப்பிவைக்கிறேன், நீங்கள் கூடப் போய்விட்டு வாருங்கள் என்று அவரை ஒரு வாங்கு வாங்கினாள். மனுஷன் அதற்கப்புறம் அளவு பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் நடக்கச் சொன்னார்கள், படி ஏறச் சொன்னார்கள். அதில் மட்டும் அவள் குறை வைக்கவில்லை. கட்டடத்துக்கு வெளியே ஆட்களை ஏற்றும் லிஃப்ட் ஒன்று ஓடிக்கொண்டிருந்தும், தினம் காலையில் மேல் தளத்துக்குப் படியேறியே போனாள். போய்ச் சேரும்போது நெஞ்சு தடதடக்கும், ஏதாவது ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாதங்கள் போயும் அந்த நெஞ்சுப் படபடப்பு மாறவில்லை. மேல் தளம் வந்ததும் மூச்சு முட்டுவது முட்டிக்கொண்டேதான் இருந்தது. தராசும் ஏமாற்றுகிறது, மூச்சும் ஏமாற்றுகிறது, ஆபரேஷன் செய்ததே தண்டம் என்று முடிவே கட்டிவிட்டாள்.

எட்டாம் மாதம், பூட்ஸும் பையும் சேர்த்து நூற்றுப் பதினான்கில் வந்து நின்ற முள், அங்கேயே குடியேறிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தாடிக்காரருக்கு வேறு வேலைத்தளத்துக்கு மாற்றல் வந்தது. கட்டடம் வளர வளரக் கிரேனையும் உயர்த்துவார்கள். கடைசி உயர்த்தல் முடிந்ததும் அவர் கிளம்பிவிடுவார். அதற்குள் பருந்தக்கா நூற்றுப் பத்துக்குள் வந்தால் கூண்டு அவளுக்கு. வராவிட்டால் வெளியிலிருந்து ஒருத்தரை நிரந்தரமாகப் போட்டுவிடுவார்கள், இவள் ரேடியோவோடு கீழேயே நிற்க வேண்டியதுதான்.

அவசரக்காரருக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? நாலே கிலோதானே என்று சாப்பாட்டைப் பாதியாக்கினாள். ஏற்கெனவே கைப்பிடி அளவு சாப்பாடு, அதில் பாதி. முட்டையைத் தள்ளினாள், பருப்பைத் தள்ளினாள். இரண்டாம் வாரம் மேல் தளத்தில் நின்று வாளியை இறக்க வழி சொல்லிக்கொண்டிருந்தவளுக்குக் கண் இருட்டியது. பக்கத்தில் நின்ற கொக்கி தாங்கிப் பிடித்தான். சுமையைக் கொக்கியில் மாட்டுகிற வேலை என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் அக்கா அக்கா என்று அவள் காலையே சுற்றுகிறவன். அவன்தான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். அங்கே உணவு ஆலோசனை சொல்கிற அம்மா சுள்ளென்று விழுந்தார். உங்களுக்குச் செய்தது சிகிச்சை, தண்டனை இல்லை. நீங்கள் பட்டினி போட்டால் உடம்பு கொழுப்பை விட்டுவிட்டுத் தசையைத் தின்னும், அப்புறம் ஏணியில் எதை வைத்து ஏறுவீர்கள் என்று கேட்டார். சில உடம்பு மெதுவாகத்தான் இறங்கும், மெதுவாக இறங்கினாலும் இறக்கம்தான் என்றும் சொன்னார். பருந்தக்கா தலையாட்டினாள். காதில் ஏறியது, மனசில் ஏறவில்லை.

அந்த வாரம்தான் ஆள் ஏற்றும் லிஃப்ட் பழுதாகிப் பாதியில் நின்றது. மேல் தளத்தைப் பரிசோதிக்க வேண்டிய நாள் அது. அதிகாரியம்மா படிக்கட்டைப் பார்த்தார், உதட்டைக் கடித்தார், ஏறத் தொடங்கினார். ஒல்லியான உடம்பு, நாற்பது வயதுகூட இருக்காது. பின்னாலேயே பருந்தக்காவும் ஏறினாள். பத்தாவது மாடியில் அதிகாரியம்மாவின் பேச்சு நின்றது. பன்னிரண்டில் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பருந்தக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, சுவரில் சாய்ந்து அவர் எழுந்திருக்கக் காத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரியம்மா ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்கு மூச்சே வாங்கலையே?”

“இங்க வாங்காது மேடம். மேல் தளத்துக்குப் போனாத்தான் வாங்கும். தினமும் அப்படித்தான். ஆபரேஷன் முடிஞ்சு வேலைக்கு வந்த நாள்லேருந்து ஒரு மாத்தமும் இல்ல.”

“நீங்க வேலைக்குத் திரும்பினப்ப மேல் தளம் எத்தனாவது மாடி?”

பருந்தக்கா யோசித்தாள். “ஆறு.”

“இன்னைக்கு?”

விரல்விட்டு எண்ணினாள். இருபத்தொன்று. அந்த வேலைத்தளத்தில் யாரும் மாடிக்கு எண் சொல்வதில்லை. கான்கிரீட் போட்டுக்கொண்டிருக்கிற மாடி எதுவோ அதுதான் மேல் தளம், இன்றைக்கும் மேல் தளம், அடுத்த மாதமும் மேல் தளம். அவள் தன் மூச்சை அளந்துகொண்டிருந்த கோல், காலுக்கடியில் மாடி மாடியாக வளர்ந்துகொண்டே போயிருக்கிறது. ஆறு மாடிக்கு மூச்சு முட்டியவள் இருபத்தொரு மாடிக்குத்தான் இப்போது முட்டுகிறாள். கட்டடம் கட்டுகிறவள், தன் தலைக்கு மேல் கட்டடம் வளர்வதை மறந்துவிட்டாள். அடி மண்டு என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தழும்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் தன் உடம்பின் மேல் அவளுக்கு ஆசையாக இருந்தது.

சூட்டோடு சூடாக, அப்படியென்றால் என்னைக் கூண்டுக்கு அனுப்புங்கள் என்று கேட்டுவிட்டாள். அதிகாரியம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே எழுந்தார்.

“படி வேற, கயிறு வேற. கயிறு உங்க மூச்சைப் பாக்காது, எடையத்தான் பாக்கும். நீங்க விழுந்து நான் பாக்கணுமா?”

கோபம் வந்தது. ஆனாலும் பருந்தக்காவுக்குள் இருந்த கிரேன்காரி, அந்தம்மா சொல்வதுதான் சரி என்று ஒத்துக்கொண்டாள். தூக்கும் அளவுக்கு மேல் ஒரு கிலோ ஏற்றச் சொன்னாலும் அவளே மேலிருந்து கத்தியிருப்பாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முட்டையை அவித்துச் சாப்பிட்டாள். குளியலறைத் தராசைத் தூக்கி நாத்தனார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள், மாதம் ஒருமுறை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். தராசைப் பார்த்ததும் நாத்தனார் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கதவைச் சாத்திவிட்டு வந்து மெல்லச் சொன்னாள்.

“எனக்கு மூணு கிலோ ஏறிடுச்சு அண்ணி. முடி கொத்துக் கொத்தாக் கொட்டுது. யார்கிட்டயும் சொல்லல.”

பருந்தக்கா மனுஷிதானே? உள்ளுக்குள் ஒரு நொடி குளுகுளுவென்றுதான் இருந்தது. அடுத்த நொடியே, அந்த ஒட்டிய கன்னத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் அடுத்த சந்திப்புக்கு அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். வாரக் கடைசியில் இருவரும் சேர்ந்து நடக்கப் போனார்கள். நாத்தனார் வாயும் கூடவே நடந்தது, அதற்கு மட்டும் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

முள் நகர்ந்தது. தடபுடலாக இல்லை, அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அப்படி. அரை கிலோ, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் ஒரு கிலோ. இடையில் கால் கிலோ ஏறவும் செய்தது. முன்பானால் அதற்கே இடிந்துபோயிருப்பாள். இப்போது, ஏறினால் ஏறட்டும் கழுதை, நாளைக்கும் நான் படியேறத்தானே போகிறேன் என்று பருப்பைக் கடைந்தாள்.

கிரேனின் கடைசி உயர்த்தல் முடிந்த மறுநாள் காலை, பழைய இரும்பை நிறுக்கும் தராசுக்கு முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தாடிக்காரர் பையைக் கட்டி வைத்துவிட்டு வந்து நின்றார். அவருக்குப் பதிலாக வர வேண்டியவரின் தொலைபேசி எண் மேற்பார்வையாளர் சட்டைப் பையில் தயாராக இருந்தது. கொக்கி இவள் காதுக்குள், பூட்ஸையும் பையையும் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறச் சொன்னான். இரண்டு மூன்று கிலோ லாபம், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றான்.

“மேல ஏறும்போது வெறுங்காலோடயாடா ஏறப்போறேன்? தள்ளு.”

பூட்ஸ், பை, பெல்ட், தண்ணீர் பாட்டில், எல்லாவற்றோடும் தராசில் ஏறி நின்றாள். எண்கள் ஓடின, தயங்கின, நூற்று ஒன்பதரையில் நின்றன. யாரோ விசிலடித்தார்கள். அதிகாரியம்மா கையை உயர்த்தி அடக்கிவிட்டு, இறங்கி மறுபடி ஏறச் சொன்னார். மறுபடியும் நூற்று ஒன்பதரை. அதிகாரியம்மா குனிந்து, தன் கையாலேயே அவள் இடுப்புப் பெல்ட்டை இழுத்து இறுக்கினார். மேலே போங்கள் என்றார்.

மேல் தளத்திலிருந்து கிரேனின் ஏணி தொடங்குகிறது. ஒவ்வொரு இடைத்தட்டிலும் நின்று, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, அவசரப்படாமல் ஏறினாள். அவசரப்பட்டு என்ன ஆகப்போகிறது? கூண்டுக்குள் தாடிக்காரரின் தைல வாசனை இருந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டாள். நாற்காலியைத் தன் அளவுக்கு நகர்த்தினாள். இரண்டு கைகளையும் இரண்டு நெம்புகோல்களின் மேல் வைத்ததும் கண் நிறைந்துவிட்டது. கிரேன்காரிக்குக் கண் மறைத்தால் எப்படி என்று துடைத்துக்கொண்டாள்.

முதல் சுமையைத் தூக்குவதற்கு முன்னால் கீழேயிருந்து ரேடியோவில் ஒரு கேள்வி வரும். கூண்டில் இருப்பது யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் கொக்கியை மாட்டுவார்கள். கேட்பது ஒருத்தர் என்றாலும் வேலைத்தளத்தில் உள்ள அத்தனை ரேடியோவிலும் அது கேட்கும்.

“மேல யாரு?” கொக்கியின் குரல்தான். தெரிந்துகொண்டேதான் கேட்டான்.

கீழே ஒவ்வொரு தலையும் அண்ணாந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. பொத்தானை அழுத்தினாள்.

“நான்தான்டா, பருந்தக்கா. இன்னும் குண்டுதான். கொக்கிய மாட்டு.”