வாப்பா பிணை நின்ற மரம்

எங்கள் பின்வளவில் நின்ற அம்பரலங்காய் மரத்தைப் போலச் செழிப்பான மரம், புத்தளத்துக் கரைத்தீவில் நாங்கள் இருந்த குடியிருப்பு முழுவதிலும் இருக்கவில்லை. உப்புக்காற்றும் மணலுமான அந்த இடத்தில் மற்றவர்களின் மரங்கள் ஏதோ கடமைக்கு நின்றபோது, எங்களுடையது தளதளவென்று கூரைக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. இலைக்கு ஒரு குறையும் இல்லை. பூவும் காயும்தான் இல்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் மரத்தைப் புகழ்வார்கள். பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னும் காய்க்கவில்லையா என்று கேட்பார்கள். அதைக் கேட்டால் என் மாமாவுக்கு முகம் சுருங்கிவிடும்.

மாமா உம்மாவின் தம்பி. சிலாபத்தில் ஒரு இரும்புக் கடையில் வேலை செய்தார். அந்தக் கன்றை அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். மூன்றாம் வருஷம் காய்க்கும் என்று கன்று விற்றவன் சொன்னதை, தானே மரத்துடன் பேசி முடித்துவிட்டு வந்தவர் போல ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தார். மூன்றாம் வருஷம் வந்தது, போனது. மாமாவைக் கண்டால் பள்ளிவாசல் வாசலில்கூட மரத்தைப் பற்றி விசாரித்தார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று மாமா என்னிடம் வந்து முறைப்பட்டுக்கொள்வார்.

ஆனால் எங்கள் வீட்டில் அது வெறும் கேலிக்கதையாக இருக்கவில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்துக் கரையோர ஊர் ஒன்றிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள் வாப்பாவும் உம்மாவும். அப்போது வாப்பா மீசை அரும்பிய இளைஞர். உம்மா சிறுமி, மாமாவைக் கைக்குழந்தையாக இடுப்பில் சுமந்துகொண்டு வந்தவர். கல்யாணம், வீடு, நான் எல்லாம் இங்கே வந்த பிறகுதான். யுத்தம் முடிந்ததும் வாப்பா ஊரைப் பார்க்கப் போனார். வீடு நின்ற இடத்தில் காடு, காட்டுக்குள் பாதிச் சுவர், அதற்கு அந்தப் பக்கம் தூர்ந்துபோன கிணறு. இவ்வளவையும் பார்த்த மனிதர் சொர்க்கத்தைப் பார்த்தவர் போலத் திரும்பி வந்தார்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு கதை இல்லை. உச்சமுனைப் பக்கத்திலிருந்து வருகிற மீனை வாங்கி, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வீடு வீடாக விற்பது வாப்பாவின் தொழில். மீன் நிறுக்கும்போதும் ஊர்க்கதை, சாப்பிடும்போதும் ஊர்க்கதை. எங்கள் வரிசையில் குடியிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்ப லொறி பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாமும் போவோமா என்று வாப்பா கேட்பார். பார்ப்போம் என்று உம்மா சொல்வார். உம்மாவைப் பொறுத்தவரை அந்த ஊர் பன்னிரண்டு வயதோடு முடிந்துபோனது. கிடுகுக் குடிசையாக இருந்ததைக் கல் கல்லாகச் சேர்த்து அரைச்சுவர் வீடாக்கியவர் உம்மா. உம்மாவின் வாப்பாவை அடக்கிய மையவாடியும் இங்கேதான் இருந்தது. இதையெல்லாம் உம்மா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வாப்பா விடாமல் கேட்டுக்கொண்டிருந்த ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே இப்படிச் சொன்னார்:

"நான் நட்ட மரம். அதில ஒரு காயாவது தின்டுட்டுத்தான் வருவன்."

வாப்பாவுக்கு மகிழ்ச்சி பிடிபடவில்லை. இதென்ன பெரிய காரியம், இந்த மாரிக்கே காய்க்கும் என்று உடனே ஒத்துக்கொண்டார். மாமாவும் தலையாட்டினார். வாப்பா ஒரு சொல்லைச் சொன்னால் அதிலிருந்து இறங்காத மனிதர். அதே வழக்கம் மரத்துக்கும் இருக்கும் என்று நினைத்துவிட்டார் போலும்.

அந்த மாரிக்கு இலைதான் வந்தது.

பிறகு தொடங்கியது வைத்தியம். மாமா லீவில் வரும்போதெல்லாம் ஒரு புது வழியோடு வந்து இறங்குவார். துருப்பிடித்த ஆணியை அடிமரத்தில் அறைந்தார். கொப்புகளில் கல் கட்டித் தொங்கவிட்டார். மரத்தின் கீழே தென்னம்பாளையும் பச்சை இலையும் போட்டுப் புகை மூட்டினார். அதில் மரம் இருமியதோ இல்லையோ, நாங்கள் கண்ணீர் விட்டு இருமினோம். வாப்பா தன் பங்குக்கு மீன் கழுவிய தண்ணீரைப் பெட்டியோடு கொண்டுவந்து வேரில் ஊற்றுவார். நாலு வீட்டுப் பூனைகளும் எங்கள் வளவில் குடியேறின. எனக்கோ பள்ளிக்கூட வாசலில் அச்சாறு விற்பவரின், புளிப்பு அம்பரலங்காய் ஊறுகிற கண்ணாடிப் போத்தல்தான் கனவிலும் வரும். எங்கள் மரம் காய்த்துவிட்டால் அவரிடம் போய் நிற்கத் தேவையில்லை என்பது மட்டுமே என் கணக்கு.

எல்லோரிலும் அதிகம் பாடுபட்டவர் உம்மாதான். காலையில் ஒருமுறை, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு ஒருமுறை என்று கிணற்றில் இறைத்து இறைத்து அந்த மரத்துக்கு ஊற்றுவார். கடும் வெயில் காலத்தில் கிணறு கீழே போய்க் கயிறு எட்டாத நாளிலும், கயிற்றோடு பழைய சேலைத் துண்டை முடிந்து இறைத்தார். வெண்டிக்காய்ப் பாத்தி வாடிக் கிடந்தது, மரத்துக்குத் தண்ணீர் தவறவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாப்பாவுக்கு நெஞ்சு நிறைந்துவிடும். "பாத்தியா மகள், உங்க உம்மாவுக்கும் ஊருக்குப் போற ஆசைதான். வாயால சொல்ல மாட்டா," என்று ஒருநாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்கு உம்மாவை நினைத்துப் பெருமையாக இருந்தது.

அடுத்த வருஷக் கோடையில் மாமா கடைசி வைத்தியத்தோடு வந்தார். அது ஊரில் பழைய காலத்திலிருந்தே உள்ள வழக்கம். காய்க்காத மரத்துக்கு முன்னால் ஒருவர் கோடரியோடு போய் நின்று, உன்னை வெட்டப்போகிறேன் என்று மிரட்ட வேண்டும். இன்னொருவர் குறுக்கே வந்து, வெட்டாதே, வருகிற வருஷம் காய்க்கும், நான் பிணை என்று கெஞ்ச வேண்டும். மரம் பயந்துபோய், பிணை நின்றவரின் மானத்தையாவது காப்பாற்றுவோம் என்று காய்த்துவிடுமாம். ஐந்து நேரமும் தொழுகிற வாப்பாவுக்கு இதில் விருப்பமே இல்லை. மரத்திடம் போய்க் கையேந்துவதா என்றார். மரத்தைக் கும்பிடவா சொன்னேன், மிரட்டத்தானே சொன்னேன் என்று மாமா வாதாடினார். அந்த வாதத்தில் ஏதோ பிழை இருப்பதாக வாப்பாவுக்குப் பட்டது, ஆனால் என்ன பிழை என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பாடும் ஆன பிறகு எல்லோரும் பின்வளவுக்கு வந்தோம். நட்டவர் பிணை நிற்பதுதான் முறை என்று மாமா உம்மாவைக் கூப்பிட்டார். தனக்கு நடிக்கத் தெரியாது என்று உம்மா குசினி வாசலோடு நின்றுவிட்டார். அதனால் அந்தப் பொறுப்பு வாப்பாவின் தலையில் விழுந்தது. நான் கிணற்றுக் கட்டில் ஏறி வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

மாமா சாரத்தை மடித்துக் கட்டி, கோடரியைத் தோளில் வைத்துக்கொண்டு சண்டியன் நடை நடந்து வந்தார். காய்க்காத மரம் எங்களுக்கு எதற்கு, அடியோடு சரிக்கிறேன் பார் என்று கத்திவிட்டு, கோடரியின் மறுபக்கத்தால் அடிமரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, வெட்ட வேண்டாம், அடுத்த வருஷம் காய்க்கும் என்றார். மீன் விலை சொல்கிற மாதிரி இருந்தது. மாமா கோடரியை இறக்கிவிட்டார். இப்படிச் சொன்னால் மரம் நம்புமா, கொஞ்சம் உயிரைக் கொடுத்துக் கேளுங்கள் மச்சான் என்று அலுத்துக்கொண்டார். பிறகு மறுபடியும் முதலிலிருந்து நடந்து வந்து, இந்த முறை நிஜமாகவே கோடரியைத் தலைக்கு மேலே ஓங்கினார்.

வாப்பா விறுவிறுவென்று போய் மரத்தை ஒட்டி நின்று, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டாதீங்க மச்சான். இது காய்க்கும். காய்க்கத்தான் வேணும். நான் எவ்வளவு காலமா காத்துக்கொண்டு இருக்கன். எங்க வாப்பாட கிணறு அங்க தூந்துபோய்க் கிடக்கு. மௌத்தாகிறதுக்கு முந்தி அந்தத் தண்ணில ஒருக்கா கைகால் கழுவி, ஒளு செய்து தொழோணும். அதுக்காகவாவது காய்க்கச் சொல்லுங்க."

மாமா ஓங்கிய கோடரியை இறக்க மறந்துபோய் நின்றார். நான் கைதட்டிச் சிரித்தேன். வாப்பாவுக்கு இவ்வளவு நன்றாக நடிக்க வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் சிரிக்க முயன்று, முகத்தைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். உம்மா வாசலில் இல்லை.

அன்று அஸருக்குப் பிறகு உம்மா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மறுநாளும் ஊற்றவில்லை. ஊற்றி ஊற்றிக் களைத்துப்போய், மரத்தின் மேல் வெறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். வெண்டிக்காய்ப் பாத்திக்கு யோகம் அடித்தது. வாப்பாவின் மீன் தண்ணீரையும், பூனைத் தொல்லை தாங்கவில்லை என்று சொல்லி வேலிக்கு அப்பால் ஊற்றச் சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாளில் மரம் மஞ்சளாகத் தொடங்கியது. பிறகு இலைகள் கொத்துக்கொத்தாக உதிர்ந்தன. அவ்வளவு செழிப்பாக நின்ற மரம் கடைசியில் வெறும் குச்சிகளாக நின்றது. மாமா ஓங்கிய கோடரிக்குப் பயந்து செத்துவிட்டது என்று நான் அழுதேன். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அடுத்த லீவுக்கு அவர் சிலாபத்திலிருந்து வரவே இல்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்தடிக்குப் போனபோது உம்மா வந்து அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விடு, அது தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்றார். எனக்கு உம்மாமேல் கடுங்கோபம் வந்தது. கல் நெஞ்சு என்று மனதுக்குள் திட்டினேன்.

வாப்பா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் பின்வளவில் நின்று அந்தக் குச்சிகளையே பார்த்துவிட்டு, இங்கே இருந்தாலும் நமக்கு என்ன குறை, மகளுக்குப் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருக்கிறது என்று உம்மாவிடம் சொன்னார். கேட்டதும் உம்மா சந்தோஷப்படுவார் என்று நான் எதிர்பார்த்தேன். உம்மா, "மழை வரட்டும், பொறுங்க," என்று மட்டும் சொன்னார்.

மழை வந்தது. முதல் மழை விழுந்த கொஞ்ச நாளில் குச்சிகளின் நுனியில் துளிர் கண்டது. துளிரோடு சேர்ந்து வெள்ளைப் பொடிப்பூக்கள் கொத்துக்கொத்தாக எழும்பின. நான் தெரு முழுக்க ஓடிச் சொன்னேன். செய்தி கேட்டு மாமா சிலாபத்திலிருந்து பறந்து வந்தார். பள்ளிவாசல் வாசலில் வேண்டுமென்றே நீண்ட நேரம் நின்றார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம், காய்க்காத மரம் வைத்திருந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் மாமாவையும் கோடரியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பலாமரத்திடம் மட்டும் அவர் தோற்றதாகக் கேள்வி.

காய் முற்றியதும் முதல் காயை வாப்பா பறித்துக் கழுவி, தட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்து உம்மாவின் முன்னால் கொண்டுவந்து வைத்தார். எனக்கு வாயில் எச்சில் ஊறியது. உம்மா வெட்டி எங்களுக்குப் பங்கு வைக்கவில்லை. முழுக் காயையும் தானே கடித்துத் தின்றார். புளிப்பில் ஒரு கண் மூடிக்கொண்டது, நாரோடு விதையையும் விடாமல் சப்பினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, "லொறிக்காரனிட்டச் சொல்லுங்க," என்றார். வாப்பா அந்த நேரத்திலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நாங்கள் போகும்போது வீட்டை மாமாவிடம் விட்டோம். போகிற காலையில் உம்மா மையவாடிக்குப் போய்விட்டு வந்தார். லொறி புத்தளத்தைத் தாண்டும்வரை முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். வெயில் என்று நினைத்தேன்.

இப்போது நான் கல்யாணம் முடித்துப் புத்தளம் டவுனில் இருக்கிறேன். என் வளவில் ஒரு ஜம்பு மரம் நிற்கிறது. இலை என்றால் அப்படியொரு இலை. போன மாதம் ஊரில் இருக்கும் உம்மாவுக்குப் போன் எடுத்தபோது, இவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பூக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டேன். தண்ணீரை நிறுத்து, கொஞ்ச நாள் காயவிட்டால்தான் மரத்துக்குப் பூக்க வேண்டும் என்ற எண்ணம் வரும் என்றார் உம்மா. தன் வாப்பா ஊரில் தேசிக்காய்த் தோட்டம் வைத்திருந்தவர் என்றும், பூ எடுக்கும் காலத்துக்கு முந்தித் தோட்டத்தைக் காயப்போடுவது சின்ன வயதிலேயே தனக்குத் தெரியும் என்றும், சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார்.

பிறகு கேட்டேன், அப்படியென்றால் அம்பரலங்காய் மரத்துக்கு ஏன் அவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள் என்று.

"போக மனசில்ல மகள்."

அப்புறம் ஏன் நிறுத்தினீர்கள் என்றேன். அந்தப் பக்கம் கிணற்றடியில் வாப்பா யாரோடோ கதைப்பது கேட்டது.

"உங்க வாப்பா மரத்துக்கிட்டக் கெஞ்சினத நீயும் பாத்தனீதானே."

பார்த்தேன்தான். கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து, கைதட்டிச் சிரித்துக்கொண்டு பார்த்தேன்.