கமில் ஹார்கிரோவுக்கு டூப் போட்டவள்

வெர்லீன் பிக்கெட்டின் அப்பாவுக்குக் காம்ப்டனில் மோட்டார் சைக்கிள் பட்டறை இருந்தது. ஆண் பிள்ளை இல்லாத வீடு. பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்க யாராவது வேண்டுமே என்று, கால் தரையில் எட்டுவதற்கு முன்பே வெர்லீனை ஏற்றிவிட்டுவிட்டார். விழுவதையும் அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். விழும்போது உடம்பை விறைக்கக் கூடாது, துணி மூட்டை மாதிரி விட்டுவிட வேண்டும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. முட்டி தேயத் தேயத் தானாக வந்தது.

பெரியவளானதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். கல்யாணம் ஆயிற்று, ரோஷெல் பிறந்தாள், புருஷன் ஒரு வேலை தேடி ஓக்லண்டுக்குப் போனவன் அங்கேயே தங்கிவிட்டான். குழந்தையும் பஸ்ஸும் சர்ச்சும் என்று நாள் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் சினிமாவில் ஒரு கறுப்பு நடிகை மாடியிலிருந்து குதிக்க வேண்டுமென்றால், வெள்ளைக்கார ஆள் ஒருவனுக்கு முகத்திலும் கையிலும் கறுப்புச் சாயம் பூசி, விக்கும் பாவாடையும் மாட்டிக் குதிக்க வைப்பார்கள். காம்ப்டன் தியேட்டரில் அந்தக் கட்டம் வந்தால் போதும். "அக்காவோட தோளைப் பாரு, ரெண்டு ஃப்ரிட்ஜைத் தனியா தூக்குவா போல," என்று பின் வரிசையிலிருந்து குரல் வரும், கொட்டகையே சிரிக்கும். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது யாருக்கும் சிரிப்பு இருக்காது. கடைசியில் கறுப்பு ஸ்டண்ட்காரர்கள் சிலர் சேர்ந்து, அந்த வேலை தங்களுக்கே வேண்டும் என்று ஸ்டூடியோ வாசலில் அட்டை பிடித்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் வண்டி சரிசெய்யப் பட்டறைக்கு வந்தார். சந்து முனையில் வெர்லீன் வண்டியை ஒற்றைச் சக்கரத்தில் திருப்பிக்கொண்டு வருவதைப் பார்த்தவர், வந்த வேலையை மறந்துவிட்டு, "இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டார்.

இப்படித்தான் அவள் கமில் ஹார்கிரோவுக்கு டூப் போடப் போனாள். கமில் ஹூஸ்டன்காரி. டெலிவிஷனில் துப்பறியும் பெண்ணாக நடித்துக்கொண்டிருந்தாள். திரையில் கூரை விட்டுக் கூரை தாண்டுகிறவள், நிஜத்தில் அலமாரி மேல் தட்டை எட்ட நாற்காலியில் ஏறக்கூடப் பயப்படுவாள். முதல் நாள் ஒரே மாதிரித் தோல் ஜாக்கெட்டில் இருவரும் எதிரெதிரே நின்றபோது, கமில் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீதான் நானா?"

"உங்க முதுகு மட்டும்," என்றாள் வெர்லீன்.

கமில் சிரித்த சிரிப்பில் மேக்கப் கலைந்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

அதன் பிறகு இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். வெர்லீன் அவளுடைய நடையைக் கற்றாள், ஓடும்போது அவள் இடது கையை வீசுகிற விதத்தைக் கற்றாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் கமில் காம்ப்டனுக்கு வந்துவிடுவாள். வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு நேராக அடுப்படிக்குப் போய், பன்றி எலும்பு போட்டு வேகவைத்த கீரையைச் சட்டியிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவாள். ரோஷெலின் ஞானஸ்நானத்துக்கு அவள்தான் ஞானத்தாய்.

எல்லாச் சண்டைகளையும் கமிலே செய்கிறாள் என்று தயாரிப்பாளர்கள் பரப்பிக்கொண்டிருந்தார்கள். டூப் யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒரு நாள் பத்திரிகைக்காரர் ஒருவர் படப்பிடிப்புக்கு வந்து, கமில் பக்கத்தில் நின்ற வெர்லீனைக் காட்டி, "இவங்க யாரு?" என்றார். கமில் திணறினாள். வெர்லீனே முந்திக்கொண்டு, "நான் மேடத்துக்குக் காபி கொண்டுவர்றவ," என்றாள். அவர் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

திரும்பும்போது காரில் கமில் அழுதாள். "இப்படிச் சொல்லிட்டியேடி."

"பின்ன என்ன சொல்ல? உன் பொழப்பு, என் பொழப்பு ரெண்டும் அதுலதான இருக்கு."

"ஒரு நாள் நல்ல மேடையா கிடைக்கும். அன்னைக்கு உன் பேரை என் வாயால சொல்வேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ, வெர்."

வெர்லீன் பொறுத்துக்கொண்டாள். சத்தியம் எதுவும் கேட்கவில்லை. தோழி சொன்னால் போதாதா.

தொடரின் கடைசி வருஷம் கல்குவாரி ஒன்றில் கார் பாய்கிற காட்சி. சரிவுப் பலகையின் ஒரு முனை லேசாகத் தாழ்ந்திருப்பதாக வெர்லீனுக்குப் பட்டது. ஸ்டண்ட் மாஸ்டர் டேல் கிரான்ட்ஸிடம் சொன்னாள். "வெளிச்சம் போயிட்டிருக்கு வெர்லீன், உனக்கு இதெல்லாம் ஒரு விஷயமா," என்றார் அவர். அவள் ஓட்டினாள். கார் காற்றிலேயே ஒருக்களித்து, முன்பக்கம் தரையில் குத்த இறங்கியது. வலது இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கட்டிலருகே கமில் மட்டும் இருந்தாள், முகமெல்லாம் வீங்கி.

"கார் எப்படி இருக்கு?" என்றாள் வெர்லீன்.

"கார் செத்துப்போச்சுடி."

"அப்ப நான் ஜெயிச்சுட்டேன்."

கமில் அழுதுகொண்டே சிரித்தாள். நர்ஸ் வந்து அதட்டும் வரை சிரித்தாள்.

அத்தோடு குதிப்பதும் பாய்வதும் முடிந்தது. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்துதான் நடக்க முடிந்தது. பழையபடி பள்ளிக்கூட பஸ்ஸுக்கே போனாள். கமில் முதலில் வாராவாரம் வந்தாள், பிறகு மாதம் ஒரு முறை, பிறகு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும். அவளுக்கும் வாய்ப்புகள் குறைந்துகொண்டே போயின. வெர்லீன் அவளைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை. பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டால்கூட, "எனக்கு அவளைத் தெரியும், நல்ல பொண்ணு," என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

வருஷங்கள் கழித்து, வெர்லீன் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு காலையில் கமிலிடமிருந்து போன் வந்தது. கலைத்துறையில் உழைத்த கறுப்புப் பெண்களைக் கொண்டாடி, நகரத்துப் பெரிய ஓட்டலில் மதிய விருந்து வைக்கிறார்கள். கமிலுக்கும் மரியாதை செய்யப்போகிறார்கள்.

"அந்த மேடை இதுதான்டி வெர். முன்னாடி மேசையில உனக்கு இடம் சொல்லியிருக்கேன். ரோஷெலையும் கூட்டிட்டு வா. யாரு வேணுமோ கூட்டிட்டு வா."

போனை வைத்த கையோடு வெர்லீன் கடைத்தெருவுக்குப் போனாள். ஊதா நிறத்தில் ஓர் உடுப்பும் அதற்கேற்ற தொப்பியும் வாங்கினாள். சர்ச்சில் கூடப் பாடும் சிஸ்டர் ஆர்லெட்டாவையும் அழைத்தாள். ஆர்லெட்டா சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

விருந்து மண்டபம் அழகாகத்தான் இருந்தது. தொப்பிகளும் சிரிப்பும் வாசனையுமாக, இத்தனை பெண்களை ஒரே இடத்தில் வெர்லீன் பார்த்ததில்லை. வாழ்நாளெல்லாம் நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்த ஒரு கிழவியை மேடையேற்றினார்கள். நடனம் கற்பித்தே கால் தேய்ந்துபோன ஒருத்தியை ஏற்றினார்கள். சினிமாவுக்கு உடை தைத்தவளை ஏற்றியபோது ஆர்லெட்டா எழுந்து நின்று கைதட்டினாள். 'இவர்களையெல்லாம் அழைக்கிறார்கள், அப்படியானால் நிஜமாகவே என் முறையும் வரும்' என்று வெர்லீன் நினைத்துக்கொண்டாள். மடியிலிருந்த துணியை மடித்து மேசைமேல் வைத்தாள், கூப்பிட்டால் எழுந்திருக்கத் தோதாக.

கமில் மேடையேறினாள். இன்னும் அழகி. முன் மேசையைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். விழா நடத்தியவள் கேட்டாள்: "அந்தக் கூரை தாண்டுறது, கார் பாயுறது... அதெல்லாம் நிஜமா நீங்களேவா செஞ்சீங்க?"

கமிலின் பார்வை முன் மேசையை விட்டு மண்டபத்தைச் சுற்றி வந்தது. பிறகு சிரித்தாள்.

"கண்ணு, என் உடம்புல இருக்கிற ஒவ்வொரு காயமும் நான் சம்பாதிச்சது."

மண்டபம் ஆர்ப்பரித்தது. கைதட்டல் அடங்கியதும் கமில் இடது இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொல்ல ஆரம்பித்தாள். கல்குவாரி. தாழ்ந்திருந்த பலகை. வெளிச்சம் போகிறது என்று அவசரப்படுத்திய மாஸ்டர். ஆஸ்பத்திரியில் கண் விழித்தது. "நான் கேட்ட முதல் வார்த்தை என்ன தெரியுமா? கார் எப்படி இருக்குன்னு. கார் செத்துப்போச்சுன்னாங்க. அப்ப நான் ஜெயிச்சுட்டேன்னேன்."

சிரித்தார்கள், அழுதார்கள், எழுந்து நின்றார்கள். ரோஷெல் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வெர்லீனுக்குக் கோபம்கூட உடனே வரவில்லை. தன் வீட்டு அலமாரியைத் திறந்து தன் உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒருத்தி தன் கண்ணெதிரேயே நடந்து காட்டுவது போல இருந்தது. சுற்றிலும் எல்லோரும் நிற்க, அந்த மேசையில் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

விருந்து முடிந்து மண்டபத்துக்கு வெளியே கமிலைச் சுற்றி நின்ற கூட்டம் விலகும் வரை காத்திருந்து, வெர்லீன் அவளிடம் போனாள்.

"வெர், கோவிச்சுக்காத. உன் பேரைச் சொல்லத்தான் ஏறினேன். அவ 'நீங்களேவா'ன்னு கேட்டா. எல்லா முகமும் என்னையே பாத்துச்சு. படம் எடுக்குறவங்கல்லாம் உக்காந்திருக்காங்க. எனக்கு எவ்வளவு நாளா வேலையில்லன்னு உனக்குத் தெரியாது."

"வந்து சொல்லியிருந்தா தெரிஞ்சிருக்கும். நீ எங்க வந்த?"

"நீ அந்தக் கதைய வெச்சு என்ன பண்ணப்போற, வெர்? பஸ் ஓட்டிட்டிருந்த. எனக்கு அது ஒரு வாழ்க்கைய திருப்பித் தரும்டி."

வெர்லீன் அவளை நிதானமாகப் பார்த்தாள். "அந்த ஆஸ்பத்திரி ரூம்ல நாம ரெண்டு பேருதான் இருந்தோம். அதான் உனக்கு அவ்வளவு தைரியம்."

கமில் திரும்பி நடக்கப் பார்த்தாள்.

"இன்னொண்ணு. உடைஞ்சது வலது பக்கம். அடுத்த தடவ சொல்றப்ப சரியா தொடு."

வீடு திரும்பும் வழியில் ஆர்லெட்டா சர்ச்சில் பாடுகிற வாய்க்குத் தகாத வார்த்தைகளால் கமிலைத் திட்டிக்கொண்டே வந்தாள். வெர்லீன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமிலுக்குப் புதுத் தொடர் ஒன்றில் நீதிபதி வேஷம் கிடைத்தது. அடுத்த வசந்தத்தில் ஒரு நாள், எலுமிச்சை கேக் ஒன்றைக் கையில் ஏந்தி அவள் காம்ப்டன் வீட்டு வாசலில் நின்றாள். வெர்லீன் கேட்டைத் திறக்கவில்லை.

"நான் சரிபண்ணிடுறேன், வெர். டெலிவிஷன்ல பேட்டி கேக்குறாங்க. எல்லாத்தையும் சொல்லிடுறேன். வெர்லீன்தான் செஞ்சான்னு சொல்லிடுறேன்."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? எவ்வளவு பெரிய மனசுன்னு அதுக்கும் உனக்குத்தான் கைதட்டுவாங்க."

"அப்ப நான் என்னதான் செய்யட்டும்?"

"சொல்ல வேண்டிய அன்னைக்குச் சொல்லியிருக்கணும். கேக்கை எடுத்துட்டுப் போ. ரோஷெலுக்கு இனிப்பு ஆகாது, எனக்கு வேண்டாம்."

கமில் கேக்கோடு திரும்பிப் போனாள். பேட்டியிலும் அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றவள் தான்தான் என்றாலும், அன்று டெலிவிஷன் முன் முழுப் பேட்டியும் முடியும் வரை வெர்லீன் உட்கார்ந்திருந்தாள்.

அதன் பிறகு அவள் ஒரு முடிவெடுத்தாள். இனி யாருக்காகவும் மறைப்பதில்லை, கேட்டால் உள்ளதைச் சொல்வது. சர்ச்சில் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரியும். வெளியேதான் சிக்கல். ஒரு சனிக்கிழமை, புதிதாகத் திறந்த முடியலங்காரக் கடையில் தலை காய உட்கார்ந்திருந்தாள். சுவர் டெலிவிஷனில் நீதிபதி உடையில் கமில் வந்தாள். பக்கத்து நாற்காலி இளம்பெண், "எங்க சித்தி அந்த விருந்துக்குப் போயிருந்தாங்க," என்றாள். "இவங்க அந்தக் காலத்துல எல்லா ஸ்டண்ட்டும் தானே செஞ்சாங்களாம். இடுப்பே உடைஞ்சிருக்கு, பாவம்."

"அது நான்," என்றாள் வெர்லீன்.

"என்னம்மா?"

"காரை ஓட்டினது நான். இடுப்பு உடைஞ்சது எனக்கு. அவளுக்கு டூப் போட்டவ நான்."

அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள். "அப்படிங்களா அம்மா," என்று இரண்டு முறை சொன்னாள். பிறகு கண்ணாடியில் கடைக்காரியைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரித்தாள். வயதானவர்கள் எதையாவது மாற்றிச் சொல்லும்போது சிரிக்கிற சிரிப்பு. கடைக்காரி டெலிவிஷன் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள்.

ரோஷெல் அழைத்துப்போக வந்தாள். காரில் ஏறிய அம்மாவின் முகத்தைப் பார்த்து, "என்னம்மா ஆச்சு?" என்றாள்.

"உள்ள ஒரு பொண்ணுகிட்ட உள்ளதைச் சொன்னேன்."

"நம்பினாளா?"

"இல்ல," என்றாள் வெர்லீன், பெல்ட்டைப் போட்டுக்கொண்டே. "வண்டிய எடு."