அக்கா வீட்டு ஐஸ்

கண்டி மஹய்யாவையில் நாங்கள் குடியிருந்த வரிசையில் ஒரே ஒரு வீட்டில்தான் பிரிட்ஜ் இருந்தது. அது எங்கள் பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். உடன்பிறந்தவள் இல்லை. ஆனால் என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் மூன்று நாள் என் கட்டிலருகே இருந்தவள் அவள்தான்.

ஏப்ரல் விடுமுறையில் பிள்ளைகள் வெயிலில் அலைந்துவிட்டு வருவார்கள். கடை ஐஸில் என்ன சாயம் கலக்கிறார்களோ என்ற பயத்தில் நானும் அக்காவும் நாங்களே செய்யத் தொடங்கினோம். அன்னாசியைத் தோல் சீவி, கண் எடுத்து, நசுக்கி, சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரும் சேர்த்துக் கலக்குவேன். கழுவி வைத்த யோகட் கோப்பைகளில் ஊற்றி, பாதி உறைந்ததும் யோகட்டோடு தரும் மரக் கரண்டியைக் குத்திவிடுவோம். முன்னதாகக் குத்தினால் சாய்ந்துவிடும். பின்னேரம் நாலு மணிக்குப் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து தின்பார்கள். மணிக்கட்டில் வழிவதையும் விடமாட்டார்கள்.

ஒரு நாள் நான் வேலை செய்த தையல் கடையில் அவசரமாக வரச் சொன்னார்கள். நசுக்கிய அன்னாசியையும் கேத்தல் நிறைய ஆறிய தண்ணீரையும் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன். நான் திரும்பியபோது பிள்ளைகள் தின்று முடித்திருந்தார்கள். கேத்தலை எடுக்கப் போனேன். கொடுத்தபடியே நிறைந்திருந்தது.

“என்னக்கா, தண்ணி அப்புடியே இருக்கு?”

“மறந்தே போச்சு புள்ள. பைப்புல புடிச்சு ஊத்திட்டேன். ஒரு நாளைக்கு என்ன ஆயிரப்போகுது?”

மறுநாள் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். என் மகளுக்கும்தான். ஒரு பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா எங்கள் இரண்டு வாசலுக்கும் நடுவில் நின்று சத்தம் போட்டார்.

“எந்தத் தண்ணியில செஞ்சீங்க? சொல்லுங்க!”

தாய்மார் எல்லோரும் கூடிவிட்டார்கள். அக்காவின் மாமியாரும் வெளியே வந்து நின்றார். நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுவாள் என்றே நம்பினேன்.

“நான் அப்பவே தண்ணிய காய்ச்சச் சொன்னேன்,” என்றாள் அவள், என்னைப் பார்க்காமல். “இவதான் கேக்கல. பிரிட்ஜ்ல எடம் குடுத்ததோட சரி, எங்களுக்கு ஒன்னும் தெரியாது.”

“அக்கா, நீங்கதானே பைப்புல...” என்று தொடங்கினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“ஒம் புள்ளைக்கு மட்டும்னா இப்புடி செஞ்சிருப்பியா?” என்றார் அந்த அம்மா. என் பிள்ளையும் உள்ளே சுருண்டு கிடப்பது யாருக்கும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா பின்கதவால் வந்தாள்.

“கோவிச்சுக்காத புள்ள. மாமியார் முன்னாடி நான் எப்புடி சொல்றது? காலம்பூரா குத்திக்காட்டுவாங்க. ஒனக்கு அந்தத் தொல்ல இல்லயே. நீ தாங்கிக்குவ.”

மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள் என்று நினைத்திருந்தேன். அனுமதி கேட்க வந்திருக்கிறாள். நான் அடுப்புப் பக்கம் திரும்பி மகளுக்கான கஞ்சியைக் கிண்டினேன். அவள் போய்விட்டாள்.

பிள்ளைகள் தேறினார்கள். ஆனால் அந்த வருடத் தீபாவளிக்கு நான் அனுப்பிய பலகாரத் தட்டு மூன்று வீடுகளிலிருந்து மூடியபடியே திரும்பி வந்தது. அதில் ஒன்று அக்கா வீடு.

பிறகு அவர்கள் குண்டசாலைக்கு வீடு மாறிப் போனார்கள். பல வருடம் கழித்து தெல்தெனிய பஸ்ஸில் அவளைக் கண்டேன். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். முன் இருக்கையில் இருந்த தன் மருமகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்:

“நாங்க ரெண்டு பேரும் புள்ளைங்களுக்கு ஐஸ் செய்வோம். ஒரு நாள் இவ தண்ணிய காய்ச்சாம ஊத்தி, எல்லாத்துக்கும் வயித்தால போயிருச்சு!”

அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அப்படித்தான் நடந்தது என்று அவள் நம்பிவிட்டிருந்தாள்.

“ஊத்துனது நீங்கக்கா,” என்றேன். இந்த முறை என் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

மருமகள் அவளைப் பார்த்தாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் என் தரிப்பிடம் வருமுன்பே மணியடித்து இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போனேன்.