காலி வீதி பஸ்ஸில் வாய்மொழிப் பரீட்சை

பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்களுக்கு ஆரம்பத் தமிழ் படிப்பிக்கிறேன். "வகுப்புக்கு வெளியிலும் தமிழில் கதையுங்கள்" என்று வாரம் தவறாமல் சொல்கிற ஆள்.

யுத்தம் நடக்கிற நாட்கள். இன்று பின்னேரம் கொழும்பில் காலி வீதி பஸ். ஆமி செக்பொயின்டில் எல்லோரையும் இறக்கி, அடையாள அட்டை பார்த்து, அப்போதுதான் மறுபடி ஏற்றியிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முன் சீட்டிலிருந்து என் மாணவி நில்மினி திரும்பினாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"வணக்கம் சேர். நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

முதலாம் பாடம். உச்சரிப்பில் ஒரு பிழையில்லை. பஸ் முழுக்கக் கேட்டது.

நான் மெதுவாக, சிங்களத்தில், "கெதர யனவா" என்றேன். வீட்டுக்குத்தான் என்று.

அவள் விடவில்லை. வகுப்பில் நான் சொல்கிற அதே தொனி: "தமிழில் சொல்லுங்கள் சேர். பயப்பட வேண்டாம். பிழை வந்தால் பரவாயில்லை."

பின் சீட்டில் அதுவரை பேசாமல் இருந்த வயதான அம்மா ஒருவர் மெல்லத் தமிழில் சொன்னார்: "சொல்லுங்கோவன் தம்பி. பிள்ளை கேக்குதெல்லே."

"நான் வெள்ளவத்தைக்குப் போகிறேன்." முழு வசனமாகச் சொன்னேன்.

நில்மினிக்கு முழுப் புள்ளி போட்டாயிற்று. எனக்கு எத்தனை போடலாம்? இந்த நாட்களில் பஸ்ஸில் சத்தமாகத் தமிழ் கதைத்தவர்கள் மட்டும் என் பதிலைத் திருத்தவும்.