ஜப்பான் கூட்ஸ் பெட்டி

மலேசியாவில், குருண் பட்டணத்துப் பழைய சாமான் கடையில் ஒரு குட்டித் தகர கூட்ஸ் பெட்டி வாங்கினேன், என் பொம்மை ரயிலுக்கு. அடியில் பெயிண்ட் உரிந்த இடத்தில் ஜப்பான் எழுத்து.

“ஜப்பான் கம்பெனி சாமான். இல்லேன்னா ஒரு மாசம் நான்தான் சட்டி கழுவுவேன்,” என்று மகளிடம் சவால் விட்டேன்.

இன்று பக்கத்து வீட்டு மேரி அக்கா அதைத் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, இந்தக் கொக்கி ரப்பர் மரத்துல பால் பிடிக்கிற மங்கு கட்டுற கம்பிலா. ஜப்பான்காரன் இங்க ஆண்ட காலத்துல அவன் பட்டாளத்தோட காலி டின்ன வெட்டி, தோட்டத்து ஆளுங்க செஞ்சது. எங்கப்பாவும் செஞ்சாராம்.”

மகள் மெதுவாகக் கேட்டாள்: “அப்பா, நீங்க பத்து வருசம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவருதானே?”

ஆமாம். தினமும் தொட்ட கம்பிதான். வெட்கத்தைவிடச் சந்தோஷம் அதிகம்: நம்ம தோட்டத்துச் சரக்கு.

சட்டி கழுவிக்கொண்டே கேட்கிறேன். தகரம் ஜப்பான்தானே, பதினைந்து நாள் போதாதா?